ஜமேக்கா வேரோனிக்காவின் ஏழு அட்டைகள்

2024 ஓகஸ்ட் 6, செவ்வாய்க்கிழமை, காலை 10.20. ரொறன்ரோ மோர்னிங்சைட்டில் வேரோனிக்காவின் ஜமேக்காச் சாப்பாட்டுக் கேற்றறிங் சமையற்கூடத்தில் தொலைபேசி அடித்தது. வேரோனிக்கா கை நிறைய ஆட்டிறைச்சியோடு நின்றதால் நான் எடுத்தேன். பேசியவர் தன் பெயர் அலெக்ஸாண்டர் என்றார். மில்லிக்கனில் இருந்து பேசுவதாகவும், செப்ரெம்பர் 14ஆம் திகதி கல்யாணம் செய்யப்போகும் ஸ்டெபனியின் தகப்பன் என்றும் சொன்னார். முதல் அரை நிமிடம் மரியாதையாகத்தான் பேசினார்.

"ஐயா, நீங்கள் மகளுக்கு அனுப்பின சாப்பாட்டு லிஸ்ற் என்ர கையில கிடக்கு. இதில 'பெஸ்ரிவல் - 300' எண்டு போட்டிருக்கிறியள். இது என்ன கதை?"

"ஓம், முந்நூறுதான். மகள் சொன்ன எண்ணிக்கை."

"மகள் சொன்னவவோ? ஹோலுக்குள்ள நானூற்றிருபது பேருக்குத்தான் இடம். எங்கட ஆக்களே முந்நூறு. அதுக்குள்ள முந்நூறு பேரோட மாப்பிள்ளையின்ர ஜமேக்கா ஆக்கள் பெஸ்ரிவல் நடத்தினால் நாங்கள் எங்க நிக்கிறது, பார்க்கிங்கிலயோ? ஸ்ரீல்ஸ் றோட்டை மறிச்சு ட்ரம் அடிக்கப் போயினமோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஜமேக்காக்காரர் பெஸ்ரிவல் என்பது ஒரு பலகாரத்தை. கோதுமை மாவும் சோளமாவும் சீனியும் வனிலாவும் சேர்த்துப் பிசைந்து, விரல் நீளத்தில் உருட்டி, எண்ணெயில் பொரிப்பது. பொரித்த மீனுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். குற்றத்தில் பாதி என்னுடையது. லிஸ்ற்றில் ஒவ்வொன்றின் நிறையையும் எண்ணிக்கையையும் எழுதியிருந்தேன். என்ன பொருள் என்று எழுதவில்லை.

"அது விழா இல்லை, பலகாரம்," என்றேன்.

வெட்கப்பட்ட மனிதனுக்குக் கோபம் இரட்டிப்பாக வரும். "ஒரு பலகாரத்துக்கு ஆராவது பெஸ்ரிவல் எண்டு பேர் வைப்பினமோ?" என்று தொடங்கியவர், லிஸ்ற்றை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகக் கேட்டார். றைஸ் அன்ட் பீஸ் என்றால் பச்சைப் பட்டாணிதானே என்றார். இல்லை, சிவப்பு பீன்ஸ் என்றேன். பிறகேன் பீஸ் என்கிறார்கள் என்றார். அவர்கள் அப்படித்தான் சொல்லுவார்கள் என்றேன். ஏழாவதற்கு வந்தார்.

"மனிஷ் வாட்டர். இது என்ன, மனுசத் தண்ணியோ?"

"ஆட்டுத்தலை சூப். வாழைக்காயும் கிழங்கும் போட்டது. கல்யாணத்தில மாப்பிள்ளைக்கெண்டு வைக்கிறது."

"ஆட்டுத்தலையோ! என்ர மகளின்ர கல்யாணத்திலயோ! ஆர் உங்கட முதலாளி? தமிழ் ஆளோ?"

"தமிழ்தான். பேர் வேரோனிக்கா."

"எந்த வேரோனிக்கா... அந்த ஜமேக்கா வேரோனிக்காவோ?"

"அவதான்," என்றேன். பின்னேரம் வேரோனிக்கா கூப்பிடுவா என்று சொல்லி வைத்தேன்.

வேரோனிக்கா 1963இல் பேசாலையில் பிறந்தவர். 1996இல் ரொறன்ரோவுக்கு வந்தார். கணவர் பார ஊர்தி ஓட்டுநர். கிழமையில் நாலு நாள் நெடுஞ்சாலையில் இருப்பார். 1998இல், முப்பத்தைந்தாவது வயதில், எக்ளின்ரன் வீதிக்குப் பக்கத்தில் இருந்த மிஸ் ஜூலியின் சமையற்கூடத்தில் சட்டி கழுவும் வேலைக்குச் சேர்ந்தார். மிஸ் ஜூலி ஜமேக்காவிலிருந்து 1972இல் வந்தவர். கல்யாணம், ஞானஸ்நானம், செத்தவீடு என்று தன் ஆட்களின் எல்லாக் கூட்டங்களுக்கும் சமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரை ஒருவரும் வெறுமனே ஜூலி என்று கூப்பிடுவதில்லை. மிஸ் ஜூலி.

அந்த வருடம் நவம்பர் 12ஆம் திகதி ஒரு தேவாலயத்து மதிய விருந்துக்கு முப்பத்தெட்டு இறாத்தல் கறி கோட், அதாவது அவர்களுடைய வெள்ளாட்டுக் கறி, அடுப்பில் இருந்தது. மிஸ் ஜூலியின் கறித்தூள் மஞ்சள் தூக்கலானது. வறுத்துச் சேர்ப்பதில்லை, எண்ணெயில் போட்டு நிறம் மாறும்வரை கருக்குவார்கள். பிமென்ரோ என்னும் உருண்டை வாசனைக்காயும், தைம் இலையும், வெட்டாத முழு மிளகாயும் போடுவார்கள். வேரோனிக்காவுக்கு அது போதவில்லை. வீட்டிலிருந்து ஹோர்லிக்ஸ் போத்தலில் கொண்டுபோன வறுத்த மிளகாய்த்தூளில் ஆறு கரண்டியை, மிஸ் ஜூலி தொலைபேசி பேசும் நேரம் பார்த்துச் சட்டியில் கொட்டிக் கிளறிவிட்டார்.

மிஸ் ஜூலி வந்து ஒரு கிண்ணம் எடுத்துச் சாப்பிட்டார். இன்னொரு கிண்ணம் எடுத்து அதையும் முடித்தார். பிறகு சொன்னார்: "நல்லாயிருக்கிறது. ஆனால் என்னுடையது அல்ல. உன் பெயரைப் போட்டு நீ கொடு. என் பெயரில் இது இந்தக் கதவைத் தாண்டாது."

தேவாலயத்துக்குத் தொலைபேசி எடுத்து விருந்தை மூன்று மணி நேரம் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு, புதிதாக இன்னொரு சட்டி வைத்தார். முதல் சட்டியை வேரோனிக்கா வீட்டுக்குக் கொண்டுவந்து, எங்கள் கட்டடத்தில் கதவு கதவாகத் தட்டிப் பகிர்ந்தார். நான் அப்போது நாலாம் மாடியில் இருந்தேன். எனக்கும் ஒரு பாத்திரம் வந்தது. மிகவும் நல்ல கறி.

வேலையை விட்டு நிறுத்தவில்லையா என்று கேட்டேன்.

"இல்லை அங்கிள். நாளைக்கு நேரத்துக்கு வா எண்டவ. என்ர கறியை நல்லது எண்டு சொல்லிப்போட்டும், தன்ர பேரைக் குடுக்கேல்லைப் பாருங்கோ. அந்த நிமிர்வு எனக்குப் பிடிச்சிருக்கு. உந்த மனுசியிட்டத்தான் நான் வேலை செய்வன்."

அடுத்த பதின்மூன்று வருடமும் செய்தார். சட்டி கழுவுவதிலிருந்து வெட்டுவதற்கு, வெட்டுவதிலிருந்து அடுப்புக்கு.

எங்கள் ஆட்களுக்கு அது பிடிக்கவில்லை. பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது, ஒரு தமிழ்ப் பெண் ஏன் அங்கே போய் நிற்கவேண்டும், றோல்ஸும் கட்லற்றும் செய்து விற்றால் என்ன என்று பேசினார்கள். 'ஜமேக்கா வேரோனிக்கா' என்ற பெயர் அந்தக் கோப்பி மேசையில்தான் பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பின்னால் நின்றதைக் காணாமல் இருவர் அப்படிச் சொல்லிச் சிரித்தார்கள்.

"அப்பிடியே சொல்லுங்கோ அன்ரி," என்றார் வேரோனிக்கா. "நல்லாச் சந்தம் விழுது. போன் நம்பரையும் சேத்துச் சொன்னியள் எண்டால் எனக்கு விளம்பரச் செலவு மிச்சம்."

அடுத்த கிழமையே மூன்று ஏப்ரன்களில் சிவப்பு நூலால் 'ஜமேக்கா வேரோனிக்கா' என்று தமிழில் தைப்பித்துக்கொண்டார்.

2011இல் மிஸ் ஜூலி முழங்கால் வலியால் ஓய்வெடுத்தபோது, சட்டிகளையும் 'மிஸ் ஜூலி' என்று எழுதிய பெயர்ப்பலகையையும் வேரோனிக்காவிடம் கொடுத்தார். ஒரேயொரு நிபந்தனை வைத்தார். தன் பெயரில் தன்னுடையது அல்லாத ஒன்று வெளியே போனதென்று தெரிந்தால், தானே வந்து பலகையைக் கழற்றிக்கொண்டு போவேன் என்றார். வேரோனிக்கா மோர்னிங்சைட்டில் ஒரு சிறு பிளாசாவில் இடம் எடுத்துப் பலகையை மாட்டினார். நான் மன்னார் வானிலை நிலையத்தில் முப்பத்தொரு வருடம் மழையும் காற்றும் எழுதியவன். 2013இலிருந்து அங்கே சட்டிகளின் வெப்பத்தை எழுதுகிறேன். சூடான சாப்பாடு அறுபது பாகைக்குக் கீழே இறங்கக்கூடாது. விருந்துகளில் ட்ரேகளுக்கு முன்னால் நிறுத்தும் பெயர் அட்டைகளும் என் கையெழுத்துத்தான்.

மிஸ் ஜூலி அதற்குப் பிறகு சமையற்கூடத்துக்கு வரவில்லை; சோதிப்பவள் போல வந்து நிற்கமாட்டேன் என்றார். பதின்மூன்று வருடம் வேரோனிக்காவின் சமையலை அவர் வாயில் வைக்கவில்லை. இந்தக் கல்யாணத்தில்தான் வைக்கப்போகிறார். ஏனென்றால் மாப்பிள்ளை மாக்கஸ், மிசிசாகாவில் விமான நிலையத்தில் வேலை செய்யும் பெடியன், மிஸ் ஜூலியின் அக்காவின் பேரன்.

பெயர்ப்பலகையின் வலது மூலைத் திருகாணி குளிர்காலத்தில் தளர்ந்திருந்தது. காற்றடித்தால் பலகை தட்டும். இறுக்கட்டுமா என்று நான் கேட்டேன்.

"விடுங்கோ அங்கிள். பதினாலாம் திகதி மனுசி சாப்பிடட்டும். பிழை எண்டால் கழற்றுறதுக்குச் சுகமாயிருக்கும்."

அன்று பின்னேரம் 4.15க்கு வேரோனிக்கா அலெக்ஸாண்டரை அழைத்தார். கைகள் மாவாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்; அதனால் நானும் கேட்டேன்.

"தங்கச்சி, நீரும் தமிழ் எண்டபடியால் விளங்கும்," என்றார் அலெக்ஸாண்டர். "ஸ்டெபனி பிடிவாதம் பிடிச்சு உங்களிட்டச் சொல்லிப்போட்டாள். பரவாயில்லை. அந்தக் கறியை எங்கட தூள் போட்டு வையும். மட்டன் கறி எண்டு எழுதும். உந்தப் பீன்ஸ் சோத்தைக் கௌபிச் சோறு எண்டு போடும். ஆட்டுத்தலையை அப்பிடியே விட்டிடும். அவையள் பேர் பாத்தே சாப்பிடப்போயினம்?"

"அண்ணை, எங்கட கறிதான் வேணுமெண்டால் அதுக்கு நல்ல ஆக்கள் இருக்கினம். நானே நம்பர் தாறன். நீங்கள் புரியாணிக்கு வேற ஆளைப் பிடிச்சிருக்கிறியள்தானே, அவரே வைப்பார். என்னட்ட வந்தால் மிஸ் ஜூலியின்ர சாப்பாடு, மிஸ் ஜூலி சொல்லுற பேரில."

"நீர் தமிழ்தானே?"

"ஓம், பேசாலைத் தமிழ். நான் தமிழ் எண்டதால சட்டிக்குள்ள கிடக்கிற கறியும் தமிழ் கதைக்குமோ?"

"எங்கட சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும் அண்ணை. வாயைத் திறந்தால்தானே சாப்பிடலாம்."

அலெக்ஸாண்டர் "சரி, சரி, செய்யும்," என்றார்.

வேரோனிக்கா தொலைபேசியை முழங்கையால் அமர்த்தினார். "உந்தச் சரி சரியில்லை அங்கிள்," என்றார்.

செப்ரெம்பர் 14, சனிக்கிழமை. காலை ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டினோம். உதவிக்கு நாலு பேர். கறி கோட் 110 இறாத்தல். உறைப்பு மசாலா பூசிச் சுட்ட ஜேர்க் கோழி, குழம்பாகக் காய்ச்சிய பிறவுண் ஸ்ரூ கோழி, வெங்காயமும் மிளகாயும் வினாகிரியில் ஊறிய எஸ்கோவிச் மீன், றைஸ் அன்ட் பீஸ், பெஸ்ரிவல், ஒரு பெரிய பானை மனிஷ் வாட்டர். இந்த முறை ஏழு அட்டைகளிலும் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, கீழே ஒரு வரி விளக்கமும் எழுதியிருந்தேன். ஆறாவது அட்டை இப்படி: 'பெஸ்ரிவல். சோளமாவு சேர்ந்த இனிப்புப் பலகாரம். விழா அல்ல.'

ஹோல் ஸ்ரீல்ஸுக்குப் பக்கத்தில். பதினொரு மணிக்குத் தேவாலயம், ஒன்றரைக்குச் சாப்பாடு. 12.55க்கு எல்லா ட்ரேகளையும் மேசையில் வைத்து, அடியில் நெருப்பு மூட்டி, அட்டைகளை நிறுத்தினேன். எதிர்ப்பக்க மேசையில் புரியாணிக்காரர் தன் ட்ரேகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மீனுக்கு மேலே போடும் வெங்காய ஊறலை எடுக்க நாங்கள் எல்லோரும் பார்க்கிங்கில் நின்ற எங்கள் வானுக்குப் போனோம். 1.11க்குத் திரும்பிவந்தபோது என் அட்டைகளில் ஒன்றுகூட மேசையில் இல்லை.

பதிலாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொன்கரை போட்ட மினுங்கும் அச்சு அட்டைகள் நின்றன. மட்டன் கறி. கௌபிச் சோறு. இனிப்பு றோல்ஸ். ஜேர்க் கோழி 'ரோஸ்ட் சிக்கின்' ஆகிவிட்டிருந்தது. மனிஷ் வாட்டர் பானை மேசைக்குக் கீழே, விரிப்புக்குப் பின்னால் கிடந்தது. அதற்கு அட்டையே இல்லை.

பானையை நானும் இன்னொருவரும் சேர்ந்து தூக்கி மேசையில் வைத்தோம். வேரோனிக்கா ஏழு மூடிகளையும் ஒவ்வொன்றாக அழுத்தி மூடினார். சிவப்பு எழுத்துத் தெரிய ஏப்ரனை இழுத்துவிட்டுக்கொண்டு, மேசைக்கு முன்னால் கைகட்டி நின்றார்.

ஒன்றரைக்குச் சனம் வந்தது. புரியாணிப் பக்கம் மூடிகள் திறந்தன. எங்கள் பக்கம் வரிசை நீண்டது. கோட்டுப் போட்ட அலெக்ஸாண்டர் வேகமாக நடந்துவந்தார்.

"என்ன தங்கச்சி, திறவுமன்!"

"அட்டையள் எங்க அண்ணை?"

"அதுதான் வடிவா அச்சடிச்சு வைச்சிருக்குதே."

"அது வேற ஆற்றயோ சாப்பாட்டுக்கு. என்ர சட்டிக்குள்ள அப்பிடி ஒண்டும் இல்லை."

"நானூறு பேருக்கு முன்னால என்னைச் சந்தி சிரிக்க வைக்கப்போறீரோ?"

"நான் சும்மாதானே நிக்கிறன். மூடி திறக்கமாட்டன், அவ்வளவுதான். பேர் வந்தால் சாப்பாடு வரும். இல்லாட்டி எல்லாத்தையும் திரும்ப வானில ஏத்துவன்."

வரிசையில் நின்ற ஒருவர் கூப்பிட்டார்: "அக்கா, பசிக்குது! சட்டிக்குள்ள என்ன, பாம்போ?"

"கொஞ்சம் பொறுங்கோ தம்பி. பிள்ளைக்கு இன்னும் ஞானஸ்நானம் முடியேல்லை. பேர் வைக்க முதல் விருந்தோ?"

வரிசை சிரித்தது. அலெக்ஸாண்டர் சிரிக்கவில்லை.

1.41க்கு மாக்கஸும் ஸ்டெபனியும் இரண்டு பக்கமும் வர, மிஸ் ஜூலி சக்கரம் வைத்த ஊன்றுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வயது எண்பத்துநாலு. ஊதாத் தொப்பி. வரிசை தானாக விலகி வழிவிட்டது. கண்ணாடியை எடுத்துப் போட்டு முதல் அட்டையை வாசித்தார். அவர் பேசியது தன் மொழியில். நான் பொருளைத் தமிழில் எழுதுகிறேன்.

"மட்டன் என்று இருக்கிறதே. நீ செம்மறி ஆடா சமைத்தாய்?"

எங்களுக்கு மட்டன் என்றால் ஆடு. அவர்களுக்கு அது செம்மறி மட்டும்தான். ஜமேக்காக் கல்யாணத்தில் வெள்ளாட்டுக்குப் பதிலாகச் செம்மறி வைத்தவர் என்றால் அந்தப் பெயர் சாகும்வரை போகாது.

"இல்லை, மிஸ் ஜூலி."

"அப்படியானால் இது யாருடைய சாப்பாடு?"

"இன்னும் ஒருவருடையதும் இல்லை, மிஸ் ஜூலி. பெயரை எடுத்துவிட்டார்கள். பெயர் வரும்வரை திறக்கமாட்டேன்."

மிஸ் ஜூலி அச்சு அட்டைகளைப் பார்த்தார். மூடிகளைப் பார்த்தார். அலெக்ஸாண்டரையும் பார்த்தார். பிறகு ஊன்றுவண்டியின் பிரேக்கைப் போட்டு, அதன் சிறிய இருக்கையில் மேசைக்கு நேர் முன்னால் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்," என்றார்.

மாப்பிள்ளை வீட்டு நூற்றிருபது பேரில் ஒருவரும் புரியாணிப் பக்கம் போகவில்லை. மிஸ் ஜூலிக்குப் பின்னால் வந்து நின்றார்கள். இதுவரை தன் சனம் என்ன சொல்லும் என்று பயந்த அலெக்ஸாண்டருக்கு, இப்போது அந்தச் சனமே சொல்லத் தொடங்கியது. அவருடைய பெரியம்மா முறையான ஒரு கிழவி புரியாணித் தட்டோடு நடுவில் நின்று, ஹோல் முழுவதும் கேட்கச் சொன்னார்:

"எடேய் அலெக்ஸாண்டர்! சம்பந்தி வீட்டு மூத்த மனுசியைப் பசியோட இருத்தி வைச்சிட்டு நாங்கள் சாப்பிடுறதோ? உனக்கு ஆரடா உந்தப் பழக்கம் பழக்கினது?"

ஸ்டெபனி தகப்பனிடம் வந்து, "அப்பா, ப்ளீஸ். எங்க வைச்சனீங்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

அலெக்ஸாண்டர் கோட்டின் உட்பையில் கையை விட்டார். என்னுடைய ஏழு அட்டைகளும் அங்கேதான் இருந்தன, ஒரு றப்பர் வளையம் போட்டு. எறியவில்லை. அதை நான் அவருடைய நல்ல பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன். தானே ஒவ்வொன்றாக நிறுத்தினார். மனிஷ் வாட்டர் அட்டையை மீனுக்கு முன்னால் வைத்துவிட்டார்; நான் மாற்றினேன். அச்சு அட்டைகளை வேரோனிக்கா ஒன்றாகச் சேர்த்து, கசக்காமல், அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

மூடி திறந்த நேரம் 1.52. கறி கோட் 71 பாகை.

முதல் தட்டு மிஸ் ஜூலிக்கு. கறி கோட் இரண்டு கரண்டி, றைஸ் அன்ட் பீஸ் ஒரு கரண்டி. ஒரு துண்டை மென்று, எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். இன்னொரு துண்டு. வேரோனிக்கா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைக்க மறந்துபோய் நின்றார்.

"பிமென்ரோ கொஞ்சம் கூட," என்றார் மிஸ் ஜூலி.

"கூட இல்லை. நீங்கள் காட்டின அளவு. உங்கள் நாக்குத்தான் பதின்மூன்று வருடத்தில் மாறிவிட்டது."

மிஸ் ஜூலி கண்ணாடிக்கு மேலால் அவரைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"வாய் உன்னுடையது," என்றார். "கறி என்னுடையது."

அதன் பிறகு எல்லோருக்கும் பரிமாற ஐம்பது நிமிடம் எடுத்தது. மனிஷ் வாட்டர் 2.30க்கே முடிந்தது, கடைசிக் குவளையை வாங்கியது அந்தப் பெரியம்மா. மூன்று மணிக்கு நாங்கள் ட்ரேகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அலெக்ஸாண்டர் கோட்டைக் கழற்றிவிட்டு வந்தார். கையில் பெஸ்ரிவல். நான் பார்த்தவரை அது மூன்றாவது.

"தங்கச்சி, உண்மையைச் சொல்லுறன். நல்லாயிருக்கு. எங்கட பனங்காய்ப் பணியாரம் மாதிரித்தான் கிடக்கு. கறியும் அப்பிடித்தான், எங்கட ஆட்டுக்கறி மாதிரி."

சமாதானம் பேச வந்தவர் அவர். வேறொருவர் என்றால் தலையாட்டிவிட்டு விட்டிருப்பார்.

"மாதிரி இல்லை அண்ணை," என்றார் வேரோனிக்கா. "எங்கட மாதிரி இருக்கிறதால நல்லதெண்டு நினைச்சுச் சாப்பிடாதேங்கோ. உது பெஸ்ரிவல். அவையின்ர. அதால நல்லது."

அலெக்ஸாண்டர் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். "பெஸ்ரிவல்," என்று சொல்லிவிட்டு மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை 9.10க்கு நான் சமையற்கூடத்துக்குப் போனபோது வேரோனிக்கா வெளியே ஏணியில் நின்றார். நான் பிடிக்கிறேன், இறங்குங்கோ என்றேன். கேட்கவில்லை. வலது மூலைத் திருகாணியைத் திருப்புளியால் இறுக்கினார். பிறகு, தளராமல் இருந்த மற்ற மூன்றையும் இறுக்கினார்.